வந்த வண்டியை விட்டவன்

குமுளி வண்டி 4 நிமிடம் தாமதம் என்றால், அது நிலையத்துக்குள் திரும்பும்போது அடிக்கிற ஹாரனிலேயே எனக்குத் தெரிந்துவிடும். திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் 17 வருடம் டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். அதற்கு முன்னால் 14 வருடம் கண்டக்டர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரணும், எத்தனை நிமிடம் நிற்கணும், எதை முன்னால் விட்டு எதை நிறுத்தி வைக்கணும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்குள்ளேயே ஓடிய ஒரு வண்டிக்குத்தான் நேரம் பார்க்கத் தெரியவில்லை. அது நாள்கணக்கில் டிப்போவை விட்டே கிளம்பாமல் நின்றது.

மலச்சிக்கலைத்தான் சொல்கிறேன். கூடவே நெஞ்செரிச்சல், வாயு, மூலம். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற சமாச்சாரம். கூச்சப்பட்டதால்தான் எனக்கு முற்றியது. அதனால் இப்போது கூச்சப்படாமல் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து தொடரலாம்.

என் உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு. முதல் பாதி நடந்துகொண்டே பார்த்த வேலை. அடுத்த பாதி உட்கார்ந்துகொண்டே பார்த்த வேலை. சாப்பாடு இரண்டிலும் ஒன்றுதான்: அதே டீ, அதே வடை, அதே புரோட்டா. அதனால் எந்தக் கோளாறு சாப்பாட்டால் வந்தது, எது அசையாமல் கிடந்ததால் வந்தது என்று மதுரை டாக்டரம்மா ஒருவர் பின்னாளில் பிரித்துச் சொன்னபோது, எனக்கு உடனே பிடிபட்டது.

கண்டக்டருக்கு உட்கார நேரம் ஏது? திண்டுக்கல்லில் ரைட் கொடுத்தால் செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆளை இறக்கி ஏற்றி, டிக்கெட் கிழித்து, இன்வாய்ஸ் எழுதி, குமுளியில் போய் நிற்பதற்குள் முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று கணக்கில்லை. மேடு பள்ளத்தில் ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் சில்லறை எண்ணுவதே ஒரு தேகப்பயிற்சி. அந்த 14 வருடத்தில் காலையில் வயிறு காலியாகவில்லை என்ற பேச்சே எழுந்ததில்லை.

தொல்லை மேல்பக்கம் இருந்தது. காலை 4 மணிக்கு வெறும் டீ. இட்லி 11 மணிக்கு. மதியச் சாப்பாடு 4 மணிக்கு. கம்பத்தில் நைட் ஹால்ட் என்றால் இரவு 11 மணிக்கு சால்னாவில் ஊறிய 4 புரோட்டா, ஒரு ஆம்லெட். சாப்பிட்ட கையோடு வண்டியின் கடைசி நீள சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். ஒரு மணி நேரத்தில் தொண்டைக்குப் புளிச்ச தண்ணி ஏறும். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துப் பூசியது போல் எரியும். எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடியே விடிய வைத்த இரவுகள் உண்டு.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்ள வேண்டியது அதன் வேலை. சாதாரணச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் இழுக்கும். இரைப்பை நிரம்பி அமிலம் தளும்பிக்கொண்டிருக்கும்போது உடம்பைக் கிடத்தினால், கதவு கொஞ்சம் தளர்ந்தாலும் அமிலம் மேலே வந்துவிடும். நிற்கிற வண்டியில் டீசல் சிந்தாது, கவிழ்த்துப் போட்டால்?

இதில் நான் செய்த இன்னொரு வேலை. கலெக்‌ஷன் பையை யாரும் உருவிவிடக் கூடாதென்று அதை அணைத்தபடி எப்போதும் வலப்பக்கமாகவே படுப்பேன். இரைப்பை இடப்பக்கம் சாய்ந்து தொங்குகிற உறுப்பு. இடப்பக்கம் படுத்தால் அமிலம் கீழே தேங்கி நிற்கும். வலப்பக்கம் படுத்தால் அது நேரே வாசலுக்கு வந்து நிற்கும். அரசாங்கப் பணத்தைக் காப்பாற்றினேன், நெஞ்சைத்தான் காப்பாற்றவில்லை.

எரிச்சலுக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை. இடுப்புவலிக்கு இன்னொரு மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் இரைப்பையில் புண் வரும் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. குடல்புண் என்றாலே காரம், புளி, கவலை என்பதுதான் எங்கள் டிப்போவில் பேச்சு. குடல்புண் எதனால் வருகிறது என்ற கேள்வியை எங்களைப் போன்ற போக்குவரத்துக்காரர்களை வைத்தே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர். 1960களில் ரயில்வே ஊழியர்களைப் பார்த்துவிட்டு, கோதுமை தின்கிற பஞ்சாப் பக்கத்தவர்களைவிட அரிசி தின்கிற தென்னாட்டவர்களுக்குக் குடல்புண் கூடுதல் என்று எழுதினார். சப்பாத்தியை மென்றாக வேண்டும், மென்றால் எச்சில் ஊறும். குழைந்த சோறு மெல்லாமலே இறங்கிவிடும் என்பது அவருடைய வாதம்.

பிற்பாடு கதை வேறு பக்கம் திரும்பியது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர், குடல்புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்று சொல்லி, யாரும் நம்பாததால் 1984இல் அந்தக் கிருமி வளர்த்த நீரைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான் பெரும்பாலான குடல்புண்களுக்கு மூலகாரணம் என்பது இன்றைய மருத்துவம். அரிசி மேல் விழுந்த பழி குறைந்தது. ஆனால் மெல்லுவதைப் பற்றி மல்ஹோத்ரா சொன்னதை நான் விடமாட்டேன். வண்டி கிளம்ப 6 நிமிடம் இருக்கும்போது முழுச் சாப்பாட்டை உள்ளே தள்ளியவனுக்குத் தெரியும், பல் செய்யாத வேலையை வயிறு எவ்வளவு முனகிக்கொண்டு செய்யும் என்று.

முழங்கால் தேய்ந்ததும் எனக்கு உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். கூண்டுக்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக், நேரம் எழுதுகிற நோட்டு. கண்டக்டர்கள் தாளை நீட்டுவார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். எழுந்திருக்கவே வேண்டியதில்லை. டீயும் மேசைக்கே வரும். ஒரு ஷிப்டுக்கு 9 டீ, இரண்டு டீக்கு ஒரு வடை. முதல் 3 வருடத்தில் 66 கிலோவிலிருந்து 81 கிலோ. காக்கி பேன்ட்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்தார் தையல்காரர். வயிறு பெருத்துப் பெல்ட் இறுகினால் இரைப்பை மேல் அழுத்தம் கூடி எரிச்சலும் கூடும், அதுவும் நடந்தது.

அதோடு காலைப் பிரச்சினை தொடங்கியது. காலை 6 மணியிலிருந்து 8 மணிவரை நிலையத்தில் மூச்சுவிட முடியாது. பழனி வண்டி, கரூர் வண்டி, மதுரை வண்டி என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு முதல் டீ இறங்கிய கொஞ்ச நேரத்தில் வயிறு கூப்பிடும். கட்டணக் கழிப்பறை நிலையத்தின் அந்தக் கோடியில். நான் எழுந்து போனால் "டைம் கீப்பர் எங்கய்யா?" என்று நாலு டிரைவர் கத்துவான். அடக்கிக்கொள்வேன். பத்து நிமிடத்தில் உணர்ச்சி போய்விடும். அப்பாடா என்று இருக்கும்.

அந்த அப்பாடாதான் எனக்கு வினையாகப் போயிற்று.

நமது குடல் 24 மணி நேரமும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. தூங்கும்போது பெருங்குடல் அடங்கிக் கிடக்கும். எழுந்ததும் ஒரு தடவை, வயிற்றில் ஏதாவது விழுந்ததும் ஒரு தடவை, பெரிய அலை ஒன்று எழுந்து உள்ளிருப்பதை வாசலை நோக்கித் தள்ளும். 'புதுச் சரக்கு வருகிறது, பழசை இறக்கு' என்று இரைப்பை பெருங்குடலுக்குச் சொல்லி அனுப்புகிற ஏற்பாடு அது. குழந்தை பால் குடித்த கையோடு துணியை அழுக்காக்குவது இதனால்தான். பெரியவர்களுக்குக் காலை நேரத்தில் அது பலமாக இருக்கும். அந்த நேரத்தில் போகாவிட்டால் அலை ஓய்ந்துவிடும். ஆனால் பெருங்குடலின் இன்னொரு வேலை ஓயாது: தண்ணீரை உறிஞ்சுவது.

குடிப்பது, சாப்பாட்டில் வருவது, எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது. சுமார் 6 மீட்டர் சிறுகுடல் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மீதி ஒன்று, ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்கு வரும். அங்கே உறிஞ்சியது போகக் கடைசியில் வெளியேறும் ஈரம் ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. உள்ளே தங்கத் தங்க உறிஞ்சல் தொடரும், மலம் காயும், இறுகும். மறுநாள் முக்க வேண்டும். முக்க முக்க ஆசனவாயைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் புடைக்கும். மூலத்தின் கதை சுருக்கமாக இவ்வளவுதான். நாள்தோறும் அழைப்பை மறுத்துக்கொண்டே இருந்தால் சில வருடத்தில் குடல் கூப்பிடுவதையும் குறைத்துக்கொள்ளும். வந்த வண்டியில் யாரும் ஏறவில்லை என்றால் நாமும் ஒருநாள் அந்த நடையை ரத்து செய்துவிடுவோம் அல்லவா!

எங்கள் வீட்டில் முழங்காலுக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருந்தோம். அதில் செல்போனோடு போய் உட்கார்ந்தால் அரை மணி நேரம். "உள்ள என்னங்க, ஆபீஸ் நடத்துறீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள். ரத்தம் பார்த்ததை அவளிடம்கூட 8 மாதம் சொல்லவில்லை. பீட்ரூட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பிடாத பீட்ரூட்.

சொல்ல வைத்தது ஒரு டிரைவர் அண்ணன். 20 வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். அவருக்கும் ரத்தம் வந்தது. மூலம்தான் என்று முடிவுகட்டி, சுவரொட்டி பார்த்து யாரிடமோ லேகியம் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் தின்றார். உடம்பு பாதியாக இளைத்தது. பிறகு பார்த்தால் மலக்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார்; வயிற்றில் பை மாட்டிக்கொண்டு நடமாடுகிறார். அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனக்கும் வருதாமே தம்பி? உன் வீட்ல சொல்லுச்சு. போய்க் காட்டிரு." மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

மதுரையில் ஒரு குடல் மருத்துவரிடம் போனேன். என் மகள் வயது. மேசைக் கண்ணாடிக்குக் கீழே 7 படம் போட்ட அட்டை ஒன்று வைத்திருந்தார். 1997இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்டது. மலத்தின் வடிவத்தை வைத்து, அது குடலில் எவ்வளவு நேரம் தங்கியது என்று கணிக்கிற அட்டை. 3, 4 நல்லது; 1, 2 மலச்சிக்கல்; 6, 7 பேதி.

"இதுல உங்களுது எது ஐயா?"

முதல் படத்தைக் காட்டினேன். ஊர்ப்பக்கம் ஆட்டுப்புழுக்கை என்போமே, அது.

தினமும் போகாவிட்டாலும் குற்றமில்லை என்றார் அவர். ஒரு நாளைக்கு 3 தடவையிலிருந்து வாரத்துக்கு 3 தடவைவரை எல்லாமே இயல்புதான். முக்காமல், வலியில்லாமல், மிச்சம் இருக்கிற உணர்வில்லாமல் போனால் சரி. ஆனால் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் திடீரென்று மலம் போகிற வழக்கம் மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கீரையையும் நடையையும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது, சோதித்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னார். எனக்கு வயது 52. கொலோனாஸ்கோபி எடுத்தார்கள். முதல்நாள் குடிக்கச் சொன்ன மருந்துத் தண்ணீர்தான் கஷ்டம். சோதனையில் ஒரு கஷ்டமும் இல்லை. உள்மூலம் மட்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அவ்வளவு ருசியான டீ அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

"நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேணும், அரைமணி நேரம் நடக்கணும்" என்றார் டாக்டரம்மா. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கும் அந்த 25 கிராம்தான். "கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க" என்றும் சொன்னார். அது என் காதிலும் விழவில்லை, மனைவி காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை கேப்பைக் களி. மதியம் முருங்கைக்கீரை, அவரைக்காய், முளைகட்டிய பச்சைப்பயறு. சாயங்காலம் இரண்டு ஆயக்குடி கொய்யா. இரவு கொள்ளுத் துவையல். என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மூன்றாம் நாள் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வயிறு தவில் போல் விம்முகிறது. கோயம்புத்தூர் வண்டிக்கு மைக்கைப் பிடித்து, "ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக" என்று சொல்லி முடிப்பதற்குள் வந்தது ஒரு ஏப்பம். நிலையம் முழுக்க 8 ஒலிபெருக்கி. பூக்கடையிலிருந்து புளியோதரை விற்கிறவர்வரை திரும்பிப் பார்த்தார்கள். பிளாட்பாரத்திலிருந்து ஒரு குரல்: "பொள்ளாச்சிக்கு அடுத்து எந்த ஊருண்ணே அது?"

இதிலும் பாடம் இருந்தது. நார்ச்சத்தைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியைப் புளிக்க வைத்துத் தின்னும். அப்போது வாயு உண்டாகும்; கூடவே சில கொழுப்பமிலங்களும் உண்டாகும். அவற்றில் பியூட்டிரேட் என்ற ஒன்றுதான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியச் சாப்பாடு. நாம் நுண்ணுயிருக்குப் போட்டால் அது நம் குடலுக்குப் போடுகிறது. ஆனால் இத்தனை வருடமாக மைதாவையே பார்த்த கூட்டத்துக்கு ஒரே நாளில் கல்யாண விருந்து வைத்தால் ரகளைதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி என்று கூட்டிக்கொண்டே போக, ஒரு மாதத்தில் வயிறு பழகிக்கொண்டது. தண்ணீரும் கூட்ட வேண்டும். புளிக்காமல் எஞ்சுகிற நார் பஞ்சு போல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். ஈரமே இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். இசப்கோல் தின்கிறவர்கள் முழு டம்ளர் தண்ணீரோடு தின்ன வேண்டும் என்பதும் இதற்காகத்தான். (சிறுநீரகம், இதயம் சரியில்லை என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.)

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தால் 100 கிராம் பச்சரிசியில் 3 கிராம் அளவுக்குத்தான் நார். அதே எடை கேப்பையில் 11 கிராம். கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டில் காய்கறி, கீரை மட்டும் 400 கிராம், பழம் 100 கிராம் வைத்திருக்கிறார்கள்; அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். நம் வீட்டு இலையில் இது தலைகீழ். சோறு மலை, பொரியல் அதன் அடிவாரத்தில் ஒரு புதர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் தின்றது ஒரு நாளைக்கு 100 கிராம் காய் இருந்தால் அதிகம். இப்போது எங்கள் வீட்டில் பொரியல் கரண்டியையும் சோற்றுக் கரண்டியையும் மாற்றிப் போட்டுவிட்டாள் மனைவி. வேறு கணக்கெல்லாம் கிடையாது. பெரியதால் காய், சிறியதால் சோறு.

பழைய சோற்றை விடவில்லை. சமைத்து ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி, சிறுகுடலில் கரையாத தன்மைக்கு மாறி, நார்ச்சத்து போலவே பெருங்குடல் நுண்ணுயிருக்குப் போய்ச் சேரும். இரவு முழுக்கத் தண்ணீரில் புளிக்கும்போது லாக்டிக் அமில நுண்ணுயிர்களும் பெருகும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்காரர்களே இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்காக எல்லா வயிற்று நோய்க்கும் இதுதான் மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்பவில்லை. சின்ன வெங்காயத்தோடு காலையில் ஒரு கிண்ணம் குடித்தால் எனக்கு 12 மணிவரை வடை ஞாபகம் வருவதில்லை. எனக்கு அது போதும்.

நார்ச்சத்தை உலகம் பேச ஆரம்பித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். உகாண்டாவில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். அங்கே கிராமத்து மக்களிடம் மூலம், மலச்சிக்கல், குடல்வால் அழற்சி எல்லாம் அபூர்வமாக இருப்பதைக் கவனித்தார். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய சின்னச் சின்ன உருண்டைகளை விழுங்கச் செய்து, அவை வெளியே வர எத்தனை மணி நேரமாகிறது என்று கணக்கெடுத்து 1972இல் தோழர்களோடு சேர்ந்து எழுதினார். எங்கள் பாஷையில் சொன்னால் ரன்னிங் டைம் எடுத்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கிராமத்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள்; இங்கிலாந்துக்காரர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாம் நார்ச்சத்தின் மகிமை என்றார் அவர்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். அந்தக் கிராமத்து ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தா நார்ச்சத்து தின்றார்கள்? தண்ணீருக்கு நடந்தார்கள், காட்டுக்கு நடந்தார்கள், மண்வெட்டி பிடித்தார்கள், குந்தி உட்கார்ந்து போனார்கள். அதே புரோட்டாவைத் தின்றுகொண்டு 14 வருடம் சுகமாகப் போன நானே இதற்குச் சாட்சி. வயதுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் வயதின் மேல் போட மனம் வரவில்லை.

நடந்தால் குடலுக்கு என்ன ஆகும்? குடலும் தசைதான், உடம்பு அசையும்போது அதன் அசைவும் தூண்டப்படுகிறது, தேங்கிய வாயு நகர்கிறது. சாப்பிட்ட பிறகு மெல்ல நடந்தால் வயிற்று உப்புசம் தணியும், சர்க்கரையும் எகிறாமல் இருக்கும். பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பையே உடல் உழைப்பு குறைக்கிறது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். அதற்காக வேகமாக நடந்தால் இன்னும் நல்லது என்று நினைத்து நான் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் 5 இட்லி தின்ற சூட்டோடு கோட்டைக்குளத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தேன். இரண்டாம் சுற்றில் விலாவில் பிடித்துக்கொண்டு, குமட்டி, குளக்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கடுமையாக உழைக்கும்போது ரத்தம் கால் தசைக்குப் பாயும். குடலுக்குப் போவது வெகுவாகக் குறையும். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வேக நடை வெறும் வயிற்றில். சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் கல்யாண ஊர்வலத்து நடை. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கு இதிலேயே வந்துவிடுகிறது.

இதைவிட எனக்குப் பலன் கொடுத்தது கூண்டுக்குள் செய்த ஒரு மாற்றம். கண்டக்டர்கள் தாளை என் மேசைக்குக் கொண்டு வருவதை நிறுத்தச் சொன்னேன். நானே எழுந்து வண்டிக்குப் போய்க் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். ஒரு ஷிப்டுக்கு 60 வண்டிக்குக் குறையாது. முதல் வாரம் "அண்ணனுக்கு என்னாச்சு, பிரமோஷனா?" என்று கிண்டலடித்தார்கள். ஆறு வாரத்தில் அட்டையில் முதல் படத்திலிருந்து மூன்றாம் படத்துக்கு வந்துவிட்டேன். நடை மட்டும் செய்ததா, கீரை மட்டும் செய்ததா என்று என்னால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்கின.

9 டீ 3 ஆனது. இதற்கு டாக்டரம்மா சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. வயிறு வெறுமையாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஒரு அலை போகும். மிச்சம் மீதித் துணுக்குகளையும் கிருமிகளையும் கூட்டிப் பெருக்கிக் கீழே தள்ளுகிற துப்புரவு அலை. பசி நேரத்து இரைச்சலில் ஒரு பங்கு அதுதான். ஏதாவது உள்ளே விழுந்த உடன் அந்த அலை நின்றுவிடும். மணிக்கு ஒரு டீ, இடையில் ஒரு வடை என்றால் கூட்டுகிறவருக்கு நிலையம் காலியாகவே கிடைக்காது. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே 4 மணி நேரம் வாயைக் கட்டினேன். இரவுச் சாப்பாடு 8 மணிக்கு, படுக்கை 11 மணிக்கு, இடப்பக்கம். ஓய்வு பெற்ற பிறகு இது சுலபம். நைட் ஹால்ட் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. புரோட்டாவைப் பாதியாக்கி, படுப்பதற்கு முன் வண்டியை நாலு சுற்று சுற்றிவிட்டுப் படுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கழிப்பறை விவகாரம் பாக்கி இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் வார் போல் இழுத்துப் பிடித்து அதை மடக்கி வைத்திருக்கும். குந்தும்போது அது தளர்ந்து பாதை நேராகும். 2003இல் இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சிக்கிரோவ் 28 பேரைக் குந்தவும் உட்காரவும் வைத்து நேரம் எடுத்தார். குந்தினால் சராசரி 51 விநாடி. உயரமான கோப்பையில் 130 விநாடி. முழங்கால் போனவனுக்குக் குந்த முடியாது. ஆனால் கோப்பையில் உட்கார்ந்து காலை உயர்த்திக்கொண்டால் ஏறக்குறைய அந்த நிலை வரும். வீட்டில் ஒரு மணைப்பலகை சரியான உயரத்தில் இருந்தது. கையில் எடுத்தேன். "நம்ம கல்யாண மணையையா அங்க கொண்டு போறீங்க?" என்று மனைவி போட்ட சத்தத்தில் திரும்ப வைத்துவிட்டு, 150 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினேன். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. 2025இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 125 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், கழிப்பறையில் போன் பார்க்கிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகம் என்று போட்டிருந்தார்கள். அதை என் மகள் அனுப்பினாள். நான் அதைக் கழிப்பறைக்கு வெளியே நின்றுதான் படித்தேன்.

பிரியாணியை விட்டுவிட்டேனா என்று கேட்பார்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டா? மாதம் இரண்டு தடவை, மதியத்தில், சீரகச் சம்பா. இரவில் இல்லை. பிறகு ஒரு சிறுமலைப் பழம்.

பேருந்து நிலையத்துக்கு இப்போதும் சாயங்காலம் நடந்து போவேன். கூண்டில் புதுப் பையன். அவனும் தாளை மேசைக்குத்தான் வரவழைக்கிறான். மேசையோரம் டீ கிளாஸ்களை அடுக்கியிருந்தான், எண்ணினேன், 5. "காலைல வயிறு ஒழுங்கா போகுதா தம்பி?" என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏன்ணே, முகத்துலயே தெரியுதா?" என்றான். அவனுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

காலை மணி 6.20. வெந்நீர் குடித்து 20 நிமிடம் ஆகிறது. இன்னும் இரண்டு விஷயம் எழுத இருந்தது; தயிரைப் பற்றி ஒன்று, தூக்கத்தைப் பற்றி ஒன்று. ஆனால் வயிறு கூப்பிடுகிறது. பேனாவை மூடுகிறேன்.